ஒரு ஜெபமாலைக்கு வேகும் மீன்

மீனை ஓவனில் வைத்துச் சுடுவதைச் சமையல் என்று ஒப்புக்கொள்ள எனக்கு வெகுநாள் பிடித்தது. நான் வாணியம்பாடிக்காரி. எங்கள் வீட்டில் மீன் என்றால் ஒன்று குழம்பு, இல்லாவிட்டால் வறுவல். மூன்றாவதாக ஒரு வழி உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால் அம்மா சிரித்திருப்பாள். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் மாடி போர்ஷனுக்கு நான் குடிவந்த முதல் வெள்ளிக்கிழமை, கீழ்வீட்டு ஆன்ட்டி ஒரு தட்டை மூடி எடுத்துக்கொண்டு படியேறி வந்தார். திறந்து பார்த்தால் உருளைக்கிழங்கு, கேரட், நூல்கோல், குடைமிளகாய் எல்லாம் ஓரம் லேசாகக் கருகிக் கிடந்தன. அவற்றின் மேல் கொடுவா மீனில் ஒரு துண்டு. மிளகும் எலுமிச்சையும் மணத்தன. எண்ணெய் மினுமினுப்பு என்பதே இல்லை. ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டேன். பிறகு தட்டை வழித்துச் சாப்பிட்டேன், அது வேறு விஷயம்.

மறுநாள் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நன்றாக இருந்ததா என்று ஆன்ட்டி கேட்கவில்லை. "முடிச்சியா? மிச்சம் வெக்கலையே?" என்றுதான் கேட்டார். இல்லை என்றதும் முகம் தெளிந்துவிட்டது. ஒரே கேள்வியில் ஆன்ட்டி தன்னை முழுதாகச் சொல்லிவிட்டார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

எதையும் பாதியில் விடக்கூடாது. அவருடைய வேதம், சட்டம், பழக்கம், வியாதி எல்லாமே அதுதான். "ஆரம்பிச்சது ஆரம்பிச்சாச்சு, முடிச்சிட்டுப் பேசு" என்பார். மாடிப்படியில் நின்று ஒருநாள் காலை ஆபீஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அறைக் கதவைச் சாத்தினார் என்கிற இடத்தில் கேப் டிரைவர் போன் பண்ணிவிட்டான். அப்படியே ஓடிவிட்டேன். பகல் முழுக்க வேலை, அவுட்டர் ரிங் ரோட்டில் வழக்கமான நெரிசல், கதை எனக்கே மறந்துபோயிற்று. சாயங்காலம் கேட்டைத் திறந்ததும், துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "கதவ சாத்தினான். அப்புறம்?" என்றார். ஷிப்ட் மாற்றுவதைப் பற்றித்தான் பேசினார், வேறொன்றுமில்லை என்றேன். "அவ்ளோதானா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கதை சப்பென்று போனதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. முடிந்தது, அது போதும்.

சண்டையும் அப்படித்தான். எதிர்வீட்டு அம்மாள் ஸ்கூட்டரை எங்கள் கேட்டை அடைத்து நிறுத்தியதற்காக இருவரும் கன்னடத்தில் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்கள். நடுவில் அந்த அம்மாளின் சம்பந்தி வீட்டார் ஆட்டோவில் வந்து இறங்கவே சண்டை அப்படியே நின்றுபோனது. வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். ஆன்ட்டி மறுநாள் காலை பல் துலக்கிய கையோடு எதிர்வீட்டு வாசலுக்குப் போய், நேற்று நீங்கள் கடைசியாகச் சொன்னதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்று ஆரம்பித்தார். அந்த அம்மாளும் சளைக்கவில்லை. முழுதாகச் சண்டை போட்டு முடித்தபிறகு ஆன்ட்டி வீட்டுக்கு வந்து கேக் துண்டு எடுத்துப்போய்க் கொடுத்தார். அன்றிலிருந்து ஸ்கூட்டர் தள்ளித்தான் நின்றது.

கதை எப்போதோ செத்துப்போன ஒரு டிவி சீரியலை, கதாநாயகியையே மாற்றிய பிறகும் திட்டித் திட்டி அவர் கடைசி எபிசோட் வரை பார்த்ததை நானே பார்த்திருக்கிறேன். முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு, "கழுத்தறுப்பு தீந்துச்சு" என்று எழுந்து போனார்.

இப்படிப்பட்டவருக்கு ஆண்டவர் பார்த்துக் கொடுத்த புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கிள் எதையும் முழுதாகச் செய்ததில்லை. காபி பாதி டம்ளர், பேப்பர் பாதிப் பக்கம். ஜோக் சொல்ல ஆரம்பிப்பார், நடுவில் தானே சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார். குழாயைக் கழற்றுவார், மாட்டமாட்டார். பின்னாலேயே ஆன்ட்டி போய் ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டிருப்பார். மிச்சக் காபியைக் குடிப்பதுகூட அவர்தான். பிள்ளைகள் இல்லாத வீடு. ஒருவர் மிச்சம் வைப்பதும் மற்றவர் தீர்ப்பதுமாக அவர்கள் நாற்பது வருஷத்துக்கு மேல் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். பாத்திரத்துக்கு ஏற்ற மூடி என்று சொல்வார்களே, அது.

அந்த ஓவனைக் கெடுத்ததும் அங்கிள்தான். கிறிஸ்துமஸ் கேக்குக்காக எப்போதோ வாங்கியது. அதன் நேரம் வைக்கும் திருகு சரியாகச் சுற்றவில்லை என்று ஒருநாள் பிரித்துப்போட்டார், பாதியில் எழுந்து போனார், பிறகு மூடும்போது ஒரு ஸ்குரு மிஞ்சியது. அதற்குப்பின் ஓவன் சூடாகும், ஆனால் நேரம் காட்டாது, மணி அடிக்காது, தானாக அணையாது. அதே சமயத்தில்தான் அங்கிளுக்கு நெஞ்சுவலி வந்து, இதயத்துக்குப் போகும் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். வறுத்த மீனை இனிமேல் கண்ணாலும் பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் கறி கிடையாது, மீன்தான். மீன் என்றால் அங்கிளுக்கு மொறுமொறுவென்று இருக்கவேண்டும். ஆன்ட்டி யோசித்து, கேக் ஓவனில் மீனை வைத்தார். அங்கிளின் நெஞ்சைக் காப்பாற்ற வந்ததுதான் அந்தச் சமையல். மீனுக்கே காய்ச்சல் வந்தது மாதிரி இருக்கிறது என்று அவர் ஒவ்வொரு வாரமும் குறை சொல்லுவார். பாதி வைத்துவிடுவார். மிச்சத்தை யார் சாப்பிட்டது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

நேரம் பார்க்க ஆன்ட்டி கடிகாரத்தை நம்பவில்லை. ஜெபமாலையை நம்பினார். அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் இருந்த பழக்கமாம். முட்டை வேக இவ்வளவு ஜெபம், சோறு கொதிக்க இவ்வளவு ஜெபம் என்று ஒரு கணக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உருளைக்கிழங்கையும் கேரட்டையும் அரைவேக்காடாக வேகவைத்து வடித்து, நறுக்கிய நூல்கோல், வெங்காயம், தோலோடு தட்டிய பூண்டு எல்லாவற்றையும் ஒரு கரண்டி எண்ணெயிலும் உப்பிலும் மிளகிலும் புரட்டித் தட்டில் பரப்பி உள்ளே தள்ளுவார். ஓவனுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஆரம்பிப்பார். ஜெபமாலையில் பத்துப் பத்து மணிகளாக ஐந்து பாகம். வெள்ளிக்கிழமைக்கு ஏசுவின் பாடுகளைத் தியானிக்கும் ஜெபம். இரண்டாவது பத்து முடிந்ததும் எழுந்து, எலுமிச்சையும் மஞ்சளும் தடவி ஊறிக்கொண்டிருக்கும் மீன் துண்டுகளைக் காய்கறிகளின் மேல் வைத்து மறுபடி மூடுவார். அப்போதும் உதடு நிற்காது. கடைசி மன்றாட்டு வரை சொல்லி முடித்து மறுபடி சிலுவை அடையாளம் போட்டால் மீன் வெந்துவிட்டது என்று அர்த்தம். ஒருநாளும் தப்பியதில்லை. சதை முள்ளைவிட்டு அழகாக விலகி வரும்.

நடுவில் அங்கிள் ஹாலிலிருந்து, "ஆச்சா?" என்பார். பசி தாங்காத மனிதர். பதிலுக்கு ஆன்ட்டி ஜெபத்தைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுவார். இரு, வருகிறேன் என்று அதற்கு அர்த்தம். மறுபடி "ஆச்சா?" மறுபடி சத்தமான ஜெபம். மாடியில் எனக்கு எல்லாம் கேட்கும். வாரத்தில் இந்த ஒரு வேளை எனக்குப் பிடித்தமானது. கரண்ட் போன ஒருநாள் அந்த மனுஷி என்ன செய்தார் தெரியுமா? எந்த மணியில் கரண்ட் போனதோ அந்த மணியைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கரண்ட் வந்து ஓவன் மறுபடி சூடானதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தார். மாதாவே காத்திருக்கும்போது நான் என்ன பெரிய ஆளு என்று அங்கிள் அன்று என்னிடம் அலுத்துக்கொண்டார்.

சிரித்துக்கொண்டே சொல்லி வருகிறேன். சிரிக்காத ஒருநாளும் உண்டு. வெங்காயம் நறுக்கும்போது விரலை ஆழமாக வெட்டிக்கொண்டு ரத்தம் சொட்டச் சொட்டக் கீழே ஓடினேன். வெள்ளிக்கிழமை. ஆன்ட்டி ஸ்டூலில் இருந்தார். என் கையைப் பார்த்தார், கண் கலங்கிற்று, பஞ்சு இருந்த அலமாரிப் பக்கம் கண்ணாலேயே காட்டினார். உதடு நிற்கவில்லை. நானே பஞ்சை எடுத்து அழுத்திக்கொண்டு நின்றேன். முடித்த நிமிஷமே எழுந்து வந்து கட்டுப் போட்டு, கவனமில்லாத பெண் என்று திட்டி, மாடிக்கு வந்து என் சமையலை முடித்து, பாத்திரம் கழுவிவைத்துவிட்டுத்தான் போனார். எவ்வளவு அன்பு. இருந்தும் அன்று எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. இந்த அம்மாவிடம் அவசரம் என்று போனால் ஜெபமாலை முடியும்வரை அவசரம் காத்திருக்கவேண்டும் போல என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அதற்கு அடுத்த வருஷம், மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. எனக்கு ஆபீஸ் சீக்கிரம் விட்டது. கேட்டைத் திறக்கும்போதே மீன் வாசனை. உள்ளே மன்றாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கடைசிப் பகுதி, எனக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. படியில் உட்கார்ந்து நனைந்த ஷூவைக் கழற்றினேன். ஜெபம் முடிந்தது, ஓவன் கதவு திறந்தது, "வாங்க, ஆச்சு" என்று ஆன்ட்டி குரல் கொடுத்தார். பிறகு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, வந்து சூடாக ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போ என்றார். ஹாலைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போகவேண்டும். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அங்கிள் நாற்காலியில் தலை கவிழ்ந்து கிடந்தார். தூங்குகிறார் என்று நினைத்துச் சத்தமில்லாமல் தாண்டினேன். ஆன்ட்டி தட்டோடு வந்து, கூப்பிட்டால் எழுந்திருக்கமாட்டீர்களே என்று செல்லமாகக் கடிந்தபடி அவர் தோளைத் தொட்டார். தோள் சரிந்தது.

முனைக்கு ஓடி ஆட்டோ பிடித்தது நான்தான். ஆட்டோவில் அங்கிளின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஆன்ட்டியின் ஒரு கையில் ஓவன் தட்டைப் பிடிக்கும் தடித்த கையுறை அப்படியே இருந்தது. அந்தக் கையாலேயே அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்து நர்சிங் ஹோமில் இருந்த டாக்டர் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். எப்போது வலி வந்தது, யாரையாவது கூப்பிட்டாரா என்று கேட்டார். கூப்பிட்டார், நான் ஜெபத்தில் இருந்தேன் என்றார் ஆன்ட்டி. டாக்டருக்கு என்ன புரிந்ததோ, கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் என்று கன்னடத்தில் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர், அதனால்தான் நிறுத்தினார். ஆன்ட்டி விடவில்லை. பாதியில் விடாதீர்கள் டாக்டர், முடித்துச் சொல்லுங்கள் என்று கன்னடத்திலேயே கேட்டார். அவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் சொன்னார். முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம், பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் பார்த்திருக்கலாம். ஆன்ட்டி முழுதாகக் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினார்.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் போய், ஆண்டவர் சித்தம் என்று சொல்லவேண்டியவர்கள் எல்லாரும் சொல்லி முடித்த பிறகு ஒருநாள் அவர் என்னிடம் சொன்னார். துணி காயப்போடும் மொட்டைமாடியில். நான் எதுவும் கேட்கவில்லை.

"எப்பவும் போல 'ஆச்சா'ன்னு கூப்ட்டிருந்தாக்கூடப் பரவால்லம்மா. அன்னைக்கு நாலாவது பத்துல இருக்கச்சே பேரு சொல்லிக் கூப்ட்டாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்த மனுஷன் என்னைப் பேரு சொல்லிக் கூப்ட்டதே இல்ல. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. என்னாத்துக்கு இன்னைக்கு இவ்ளோ பிரியம்னு நெனைச்சிக்கினேன். நெனைச்சிக்கினே அடுத்த மணிக்குப் போயிட்டேன்."

அந்தப் பெயரையும் சொன்னார், அங்கிள் கூப்பிட்ட மாதிரியே இழுத்து. அதுவரை எனக்கு அவர் பெயர் தெரியாது. ஆன்ட்டி என்பதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை, கடைசியாக அதைச் சொன்னவர் அவராகவே இருக்கட்டும்.

நான் டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதானே சொன்னார் என்றேன். ஆன்ட்டி ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டார்.

"மாலையக் கையில வெச்சிக்கினே ஹாலுக்குப் போயிருக்கலாம். மாதா வேணாம்னா சொல்லுவாங்க? மீன் வெக்க எந்திரிச்சேன் இல்ல? மீனுக்கு எந்திரிச்சவ அவருக்கு எந்திரிக்கல."

வாளியை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் இறங்கிவந்தேன்.

அவர் இடிந்துபோய் உட்கார்ந்துவிடுவார் என்று தெருவே எதிர்பார்த்தது. அப்படி நடக்கவில்லை. அங்கிள் விட்டுவைத்திருந்த மிச்சங்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து முடித்தார். கழற்றிப்போட்ட குழாயை ஆள் வைத்து மாட்டினார். பாதி வர்ணம் அடித்த கேட்டை மீதியும் அடித்தார். மடித்துக் கிடந்த பழைய பேப்பர்களில் அவர் படிக்காமல் விட்ட பக்கங்களைக்கூட உட்கார்ந்து படித்தார். எதிர்வீட்டு அம்மாள் சாயங்காலங்களில் வந்து ஒன்றும் பேசாமல் கூடவே உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். பெரிய மனசுக்காரி, எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மாதம் திரும்பியதும் ஆன்ட்டி கோயிலில் ஃபாதரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். நடந்ததைச் சொன்னாராம். ஃபாதர் புதிதாக வந்திருந்த இளைஞர். அது பாவமே இல்லையம்மா, மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள் என்று நல்லபடியாகத்தான் பேசியிருக்கிறார். இவர் கேட்கவில்லை, பரிகாரம் கொடுத்தே ஆகவேண்டும் என்று நின்றிருக்கிறார். சரி, ஒரு ஜெபமாலை சொல்லுங்கள் என்று ஃபாதர் சொல்லி அனுப்பினார். எல்லாருக்கும் கொடுப்பதுதான் அது. அவருக்கு ஓவனைப் பற்றி என்ன தெரியும்?

எனக்கு ஆத்திரமாக வந்தது. திரும்பிப்போய் வேறு ஏதாவது பரிகாரம் மாற்றிக் கேளுங்கள், ஏழைகளுக்குச் சோறு போடச் சொன்னால் போடலாமே என்றேன். குடுத்ததைப் பேரம் பேசக்கூடாதும்மா என்று முடித்துவிட்டார். பரிகாரத்தைச் சொல்லி முடித்தால்தான் மன்னிப்பு நிறைவாகும் என்பது அவர் நம்பிக்கை. முடிக்காமல் பூசையில் ஃபாதர் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை வாங்க அவருக்கு மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லாரும் எழுந்து வரிசையாகப் போக, ஆன்ட்டி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். பிறந்ததிலிருந்து அந்தக் கோயிலில் இருப்பவர். என்ன பாவம் செய்தாள் இவள் என்று இரண்டு மூன்று பேர் பேசிக்கொண்டார்கள் என்று எதிர்வீட்டு அம்மாள்தான் என்னிடம் சொன்னார்.

பரிகாரத்தைச் சொல்லி முடிக்க அவர் முயற்சி செய்யாமல் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் பழையபடி காய்கறி நறுக்கி, ஓவனைச் சூடாக்கி, ஸ்டூலில் உட்கார்ந்து ஆரம்பிப்பார். மாடியில் நான் வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன். முதல் பத்து, இரண்டாம் பத்து, மீன் வைக்கும் சத்தம், மூன்றாம் பத்து. நான்காவதில், ஏசு சிலுவையைச் சுமந்துபோகும் இடத்தில், குரல் நின்றுவிடும். பிறகு ஓவன் கதவு திறக்கும். நான் சாப்பிட அப்படியே மேலே கொண்டுவந்து தருவார். மேலே நிறம் மாறியிருக்கும், விண்டால் உள்ளே கண்ணாடி மாதிரி பச்சையாக இருக்கும். ஜெபம் நின்ற இடத்தில் மீனும் நின்றிருக்கும். அவர் போனபிறகு தவாவில் போட்டு வேகவைத்துச் சாப்பிடுவேன். வீணாக்க எனக்கு மனசு வரவில்லை.

ஒரு வாரம் நானே கீழே போய்ச் சமைத்தேன். போனில் அலாரம் வைத்து, மணி அடித்ததும் எடுத்தேன். அற்புதமாக வெந்திருந்தது. ஆன்ட்டிக்கு ஒரு துண்டு வைத்தேன். முள் எடுத்து, காய்கறியோடு முழுதும் சாப்பிட்டார். நன்றாக வெந்திருக்கிறது என்றார். பிறகு, சத்தமில்லாமல் வேகிறது பார் என்றார். அதற்குமேல் அலாரம் வைத்துச் சமைக்க எனக்குக் கை வரவில்லை.

இப்படியே அந்த வருஷம் போயிற்று. கிறிஸ்துமஸ் வந்தது, நட்சத்திரம் கட்டினார், பூசைக்குப் போனார், நற்கருணை வாங்காமல் வந்தார். ஈஸ்டருக்கும் அப்படியே. எனக்கு ஆபீஸ் மாறிற்று, ஈஜிபுராவில் வீடு பார்த்துவிட்டேன். போவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒரு முடிவோடு கீழே இறங்கினேன். என் சாமி வேறாக இருந்தால் என்ன, அந்த ஜெபம் தரை வழியாகவே எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. நானும் கூடச் சொல்கிறேன், இன்றைக்கு முடித்துவிடலாம், ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் போல எழுந்துபோய் வாங்குங்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் வீடு மாறுவேன் என்றேன். ஆன்ட்டி மறுக்கவில்லை. எனக்கும் ஒரு ஸ்டூல் எடுத்துப்போட்டார்.

இருவரும் சொன்னோம். அவர் முதல் பாதி, நான் மறு பாதி. அவர் மீன் வைக்க எழுந்தபோது நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் பத்து முடிந்தது. நான்காவதில் பாதி தாண்டியதும் அவர் குரல் மெலிந்தது. நான் என் குரலை உயர்த்தினேன், அவர் முழங்காலில் கையை வைத்து லேசாக அழுத்தினேன். அவர் என் கையை மெல்ல எடுத்துவிட்டு எழுந்தார். மாலையைப் பிடித்தபடி ஹாலுக்குப் போனார். நாற்காலிக்கு முன்னால் நின்று, "என்னாங்க?" என்றார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து ஓவன் கதவைத் திறக்கக் கையுறையைத் தேடினார்.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. இன்னும் கொஞ்சம்தானே ஆன்ட்டி, இந்தப் பத்தும் இன்னொரு பத்தும், உட்கார்ந்த இடத்தில் சொன்னால் முடிந்துவிடும், எல்லாம் தீர்ந்துவிடும், ஏன் எழுந்து எழுந்து போகிறீர்கள் என்று கத்தியே விட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குழந்தைக்குச் சொல்வது போலப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"முடிச்சா மன்னிப்புன்னு எனக்குத் தெரியும்மா. அந்த எடம் வந்தா அவரு கூப்புடறாரு. போய்ப் பாத்துட்டு வந்து வுட்ட எடத்துல ஆரம்பிச்சா, திரும்பவும் கூப்புடறாரு. எனக்கு மன்னிப்பு கெடைக்கணும்னு, மறுபடியும் அவரக் கூப்புட வுட்டுட்டு நான் உக்காந்துகினே இருக்கச் சொல்றியா?"